சோஃபா இடுக்கு

தையற்கடையைப் பூட்டிவிட்டு அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் கணவன் உட்கார்ந்திருந்தான். தடயவியல் தொடர் என்றாலே "பொணம் அறுக்குற கதை" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து போகிற மனிதன், இன்று சோஃபா நுனிக்கு வந்து, பாடம் கேட்கிற பிள்ளையைப் போலக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தத் தொடர் அவளுக்கும் நாத்தனாருக்கும் சொந்தமானது. மருந்துக்கடையில் வேலை பார்க்கிற, முடிக்குச் சிவப்புச் சாயம் பூசிய நாத்தனார், திரையில் இருக்கிற விஞ்ஞானி நுண்ணோக்கியில் கண்ணை வைப்பதற்குள் கொலைகாரன் யார் என்று சொல்லிவிடுவாள். அதனால் அண்ணன் அவளுக்கு வைத்த பெயர் போஸ்ட்மார்ட்டம்.

"எங்கங்க நம்ம போஸ்ட்மார்ட்டம்? கதை ஆரம்பிச்சிருச்சே."

"சிநேகிதி வீட்டுக்குப் போயிருக்கா. வர ரெண்டு நாளாகும்."

"இன்னிக்கா? கடைசிப் பகுதியாச்சே!"

"நான் என்ன பண்ண? கால்ல சக்கரம் கட்டிட்டுப் பொறந்தவ."

அவள் பையைக் கதவோரம் மாட்டிவிட்டு நடந்தாள். தரை ஈரமாக இருந்தது. பாதம் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. குளியலறையில் சரியாக மூடாத குழாய் வாளிக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. வீடு முழுக்கப் பினாயில் நெடி; அந்த நெடிக்கு அடியில், நாள்பட்ட ஊசி டப்பாவைத் திறந்தால் குப்பென்று வருமே, அப்படியொரு துரு வாடை மூக்கைத் தொட்டும் தொடாமலும் நின்றது.

"வீடு கழுவினீங்களா?"

"எண்ணெய் கொட்டிருச்சு."

கல்யாணமான நாளிலிருந்து துடைப்பத்தைத் தொட்டறியாத கை அது. காலையில் அண்ணனும் தங்கையும் போட்ட சண்டையின் சூடு தணிந்தால் சரி என்று அவள் நினைத்தாள், பாவம். அப்பா தங்கைக்கு எழுதிவைத்த வீடு இது. விற்றுவிடலாம் என்றான் இவன். "என் பொணத்தைத் தாண்டி வித்துக்கோ" என்றாள் தங்கை, வாயில் பற்பசை நுரையோடு. இவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

திரையில் பெண் விஞ்ஞானி விளக்கை அணைத்துவிட்டு, கழுவித் துடைத்த தரையில் ஏதோ மருந்தைத் தெளித்தாள். தரை நீலமாக ஒளிர்ந்தது.

"கழுவினாக்கூடத் தெரியுமா?" என்று கேட்டான்.

தொடரைப் பற்றி அவன் கேட்ட முதல் கேள்வி. அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

"தெரியாம? பினாயில் ஊத்தினா நாத்தம்தான் போகும், ரத்தம் போயிருமா? தரையத் தொடச்சு என்ன பண்ண? இடுக்குலதான் எல்லாம் நிக்கும். இதுகூடத் தெரியாமத்தான் எல்லாக் கொலைகாரனும் மாட்டுறான்."

"முடி?"

"வேரோட இருந்தா ஒண்ணு போதும். ஆளையே சொல்லிரும்."

அவன் மெல்லத் தலையாட்டினான். இடுக்கு, என்று உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.



ஒலியைக் கூட்டலாமென்று ரிமோட்டைத் தேடினாள். அது எப்போதும் சோஃபா இடுக்கில்தான் விழுந்து கிடக்கும். கையை உள்ளே விட்டாள். மெத்தென்று எதுவோ விரலில் சுற்றிக்கொண்டது.

போன வாரம் இதே இடத்தில், கதையில் கடத்தப்பட்ட பெண் காருக்குள் தன் முடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போனதைப் பார்த்து நாத்தனார் கைதட்டினாள். "அண்ணி, எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நம்ம சோஃபா இடுக்குல பாருங்க. வேரோட வெச்சுட்டுப் போறேன். வேர் இல்லாத முடி செல்லாத நோட்டு."

"சீ, வாயக் கழுவுடி."

உள்ளங்கையை லேசாகத் திறந்து பார்த்தாள். ஒரு கொத்து. பாதிவரை சிவப்புச் சாயம். நுனியில் வெள்ளை வெள்ளையாக வேர்கள். இன்னும் ஈரம்.

"கதவப் பூட்டிட்டு வரேன்" என்று அவன் எழுந்தான்.

கைபேசி பையில். பை கதவோரம். கதவோரம் அவன்.

பூட்டு. தாழ்ப்பாள். பிறகு குளியலறையில் வாளி நகரும் சத்தம்.

அவள் அந்தக் கொத்தை இருந்த இடத்திலேயே ஆழத் திணித்தாள். தன் கொண்டைக்குள் விரல்களை விட்டாள். வேரோடு வரவேண்டும். இழுத்தாள். கண்ணில் நீர் தெறித்தது. இன்னும் ஒரு முறை. சிவப்புக்குப் பக்கத்தில் நரை.

குழாய்ச் சொட்டு நின்றது.

ஈரத் தரையில் பாதம் ஒட்டிப் பிரிந்தது. ஒட்டிப் பிரிந்தது. பின்னால், மிக அருகில்.

"கொஞ்சம் எந்திரிம்மா." இத்தனை அன்பாக அவன் பேசியதேயில்லை. திரையின் நீல வெளிச்சத்தில் அவனுடைய ரப்பர் கையுறையிலிருந்து தண்ணீர் சொட்டியது. "அந்த இடுக்கையும் தொடச்சிரலாம்."