இரண்டாம் தாரத்து விளக்கு

1953 தை மாதம் ஒரு மத்தியானம், டிரங்குப் பெட்டியும், அம்மா கொடுத்த ஒரு முழ உயரக் குத்துவிளக்கும், புதுத் தாலியுமாக அந்த வீட்டுக்குள் வலது காலை எடுத்து வைத்தேன். வைத்ததும் தும்மினேன்.

மண்ணெண்ணெய் வாடை.

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு முடுக்குச் சந்தில் இருந்தது வீடு. என் வீட்டுக்காரர் திரவியத்துக்கு மண்ணெண்ணெய் மொத்த வியாபாரம். கடை பஜாரில். டின்களை அடுக்கும் கிட்டங்கி வீட்டோடு ஒட்டியது. கூடத்துக்கும் கிட்டங்கிக்கும் நடுவில் ஒரே சுவர், அதில் தகரம் அடித்த ஒரு கதவு.

"விளக்கை எங்க வைக்க?" என்று கேட்டேன்.

"பெட்டியில வை" என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"லைசன்ஸ்ல போட்டிருக்கு, உலகம்மை. கிட்டங்கிச் சுவர்ல இருந்து இருபதடிக்குள்ள நெருப்பு ஆகாது. அடுப்பு பின்னால, தென்னைக்கு அந்தப் பக்கம் இருக்கு. கூடத்துல பல்பு இருக்குல்லா, அதைப் போட்டுக் கும்பிட்டுக்க."

அந்தி நேரத்தில் சுவிட்சைத் தட்டி, நாற்பது வாட்ஸ் பல்புக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்ட முதல் நாஞ்சில் நாட்டு மருமகள் நானாகத்தான் இருப்பேன்.

அதையும் பொறுத்திருப்பேன். பொறுக்க முடியாதது சுவரில் தொங்கியது: மூத்தாள் பகவதியின் போட்டோ. மாலை போட்டு, சிரித்த முகமாக. செத்துப்போனவளோடு போட்டி போடுவதைப் போல மடத்தனம் கிடையாது. அவள் ரசத்தில் இனிமேல் உப்புக் கரிக்கப் போவதில்லை. அவளுக்கு வயசும் ஆகாது. நான் வாரத்துக்கு ஒன்றாகத் தப்புச் செய்துகொண்டிருந்தேன். அவர் கடைக்குப் போகும்போது போட்டோவைப் பார்த்துவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார். என்னிடம் "கதவைச் சாத்திக்க" என்று மட்டும் சொல்லுவார்.

பக்கத்து வீட்டு ரத்னாபாய் கறிவேப்பிலை கேட்டு வந்த சாக்கில் ஒரு நாள் சொன்னாள்: "பகவதி அக்கா அந்திக்கு ஏத்துற விளக்கு முடுக்கு முனை வரைக்கும் தெரியுமாக்கும். எந்தொரு ஐசுவரியம்!"

"இந்தக் கூடத்திலயா?"

"பின்னே? இங்கதான். பாவம், தீப்பட்டுப் போனதுக்கு அப்புறம்…" என்றவள் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு, கறிவேப்பிலையை மறந்துவிட்டுப் போய்விட்டாள்.

தீப்பட்டுப் போனாள் என்பது என் காதில் விழவே இல்லை. சொன்னால் வெட்கம்தான். விழுந்தது ஒன்றே ஒன்று: அவள் ஏற்றியிருக்கிறாள், நான் ஏற்றக்கூடாது.

மாசியில் லைசன்ஸ் புதுப்பிக்க இன்ஸ்பெக்டர் வந்தார். சிவப்பு வாளிகளில் மணல் இருக்கிறதா என்று கைவிட்டுப் பார்த்தார். டின் ஒழுகினால் எண்ணெய் வெளியே ஓடாமலிருக்கக் கட்டிய முழங்கால் உயர வாசற்படியை அளந்தார். உள்ளே மின்சாரக் கம்பி இல்லை என்று எழுதிக்கொண்டார். அவர் மோர் குடிக்கும்போது, என் வீட்டுக்காரர் தாளைத் தேடி உள்ளே போன நேரம் பார்த்து மெல்லக் கேட்டேன்.

"வீட்டுக் கூடத்தில விளக்கோ?" என்று சிரித்தார் அவர். "அது நிங்களுடெ இஷ்டம், அம்மா. இந்தக் கதவு அடச்சிருந்தா மதி, போதும். கிட்டங்கிக்கு உள்ள தீ கொண்டுபோகக் கூடாது, அத்ரதான்."

இருபதடி விதி லைசன்சில் இல்லை. என் புருஷன் வாயில்தான் இருந்தது.

அன்று அந்தியில் பெட்டியைத் திறந்தேன். விளக்கைப் புளிபோட்டுத் தேய்த்து, ஒற்றைத் திரி இட்டு ஏற்றினேன்.

காற்றே இல்லை. ஆனாலும் சுடர் மெல்லச் சாய்ந்தது. கிட்டங்கிக் கதவுப் பக்கம்.

அணைந்தது.

மறுபடி ஏற்றினேன். மறுபடி அணைந்தது. மூன்றாம் தடவையும் அணைந்தபோது குனிந்து பார்த்தேன். திரியின் நுனி தட்டையாக இருந்தது, யாரோ இரண்டு விரலால் நசுக்கிய மாதிரி. முடி கருகிய வாடை லேசாக வந்தது.

புத்தியுள்ளவள் ரத்னாபாய் வீட்டுக்கு ஓடியிருப்பாள். எனக்கு வந்ததோ ஆத்திரம். "உன் காலம் முடிஞ்சுதுட்டி" என்று போட்டோவைப் பார்த்துச் சொல்லிவிட்டு நாலாவது தடவையாக ஏற்றினேன். நின்று எரிந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போதுதான் கதவுக்குப் பின்னால் குரல் கேட்டது.

அவர் குரல். கடையிலிருந்து பின்வாசல் வழியாக நேரே கிட்டங்கிக்குள் போயிருக்கிறார். யாரிடமோ பேசினார். அடங்கிய குரல், கெஞ்சுகிற குரல். கல்யாணமான இந்த ஒன்றரை மாசத்தில் என்னிடம் ஒரு தடவைகூட அந்தக் குரலில் பேசினதில்லை.

"…கொஞ்சம் மனசு வையி, கண்ணு…"

யார் அந்தக் கண்ணு?

அவள் முகத்தைப் பார்த்தே ஆக வேண்டும். உள்ளே இருட்டாக இருக்குமே என்று விளக்கை இரு கையாலும் தூக்கிக்கொண்டேன். கதவைத் தள்ளினேன். அந்த உயரமான படியில் காலைத் தூக்கி வைத்து உள்ளே இறங்கினேன்.

பாதத்தில் ஈரம்.

தண்ணீர் இல்லை.

அவர் டார்ச்சோடு திரும்பினார். தனியாகத்தான் நின்றார். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் என் கையில் இருப்பது என்னவென்று எனக்கு உறைத்தது. விளக்கைப் பின்னுக்கு இழுத்தேன். சுடர் நீண்டது. திரியிலிருந்து ஒரு பொறி தெறித்தது.

என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது.

அவர் கை இல்லை. அவர் பத்தடி தள்ளி நின்றார்.

குளிர்ந்த கையும் இல்லை. சுட்டது. தோசைக்கல்லைத் தொட்ட மாதிரி.

இன்னொரு கையின் இரண்டு விரல்கள் என் கண்முன்னால் வந்தன. கரிந்த விரல்கள். திரியை மெதுவாக, நிதானமாக நசுக்கின.

இருட்டு.

என் காதருகே யாரோ மூச்சு விட்டார்கள்.

அன்று ராத்திரி பின்கட்டில், தென்னைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அவர் அழுதார். நான் மணிக்கட்டில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். அழுத்திப் பிடித்த தடம் சிவப்பாக இருந்தது.

"அவளும் இப்படித்தான் வந்தா" என்றார். "அன்னைக்கு நான் முணுமுணுன்னு டின் எண்ணிக்கிட்டிருந்தேன். யாரோ பொம்பளகிட்ட கொஞ்சுறேன்னு நெனச்சிட்டா. விளக்கோட வந்து இறங்கினா. சேலையில பிடிச்சிட்டு."

"மணல் வாளி இருந்துச்சுல்லா?"

அவர் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார்.

"மொத வாளிய டின்கிட்டக் கொட்டினேன், உலகு. கிட்டங்கி பூராப் பத்திக்கிட்டா இந்த முடுக்கே போயிருமேன்னு. ரெண்டாவது வாளிதான் அவளுக்கு. அதுக்குள்ள…"

பிறகு மெல்லச் சொன்னார். "அதுல இருந்து கூடத்துல தீ நிக்கல. நீ பயந்து ஓடிப்போயிருவன்னுதான் விதின்னு பொய் சொன்னேன். தினமும் அந்திக்கு உள்ள போய்க் கேக்கேன். சின்னப் பொண்ணு, ஆசைப்படுதா, ஒரு விளக்கு வச்சிக்கிடட்டும், மனசு வையின்னு."

எனக்காகத்தான் அந்தக் கெஞ்சல். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அந்தக் குரல் போய்ச் சேர்ந்தது அவளிடம். என் மனசு அப்படி. உயிரைக் காப்பாற்றினவள் மேலேயே வயிறு எரிகிறது.

மறுநாள் அந்தியில் தகரக் கதவுக்கு வெளியே நின்று, ரகசியமாக, "அக்கா" என்று கூப்பிட்டேன். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. கதவைத் தாழ் போட்டு, விளக்கில் எண்ணெய் விட்டு, ஒற்றைத் திரி இட்டேன். தீப்பெட்டி எடுக்கப் பின்கட்டுக்குப் போனேன்.

திரும்பி வரும்போது கூடத்தில் அவர் கைகூப்பி நின்றிருந்தார். கண் நிறைந்திருந்தது.

"நல்லா ஏத்தியிருக்க, கண்ணு" என்றார். அதே குரலில். என்னிடம்.

கையிலிருந்த தீப்பெட்டியை மடிக்குள் மறைத்துக்கொண்டேன். நான்தான் ஏற்றினேன் என்ற பொய்யை இன்றுவரை நான் திருத்தவில்லை.

விளக்கைப் பார்த்தேன். நான் இட்டது ஒரு திரி. எரிந்துகொண்டிருந்தவை இரண்டு.

அதில் ஒன்று சற்று உயரமாக எரிந்தது. என்னுடையது இல்லை.