அடெலினோவின் கூடை

கூடையின் உட்புறம் ஈரமாக இருந்தது. தலையில் கவிழ்த்துக்கொண்டதுமே பெல்மிரோவுக்கு அது உறைத்தது. நாள் முழுக்க எவனோ உள்ளே மூச்சு விட்டு, இப்போதுதான் கழற்றி வைத்ததுபோல் வெதுவெதுப்பான ஈரம், பூண்டும் புளித்த ஒயினும் கலந்த வாடை. அவன் காலையில் பூண்டு தின்னவில்லை. கூடையோ இரண்டு வருடமாக ஆணியில் சும்மா தொங்கியது.

கொலாரெஸ் என்ற அந்த ஊரில் கடலோர மணலுக்கு அடியில்தான் களிமண். திராட்சைக் கொடியை அதில் ஊன்ற மூன்று ஆள் ஆழம் தோண்ட வேண்டும். நாட்டிலுள்ள கொடிகளையெல்லாம் தின்று தீர்த்த வேர்ப்பூச்சி இந்த மணலிடம் மட்டும் தோற்றது என்று ஊரில் எல்லோருக்கும் தலைக்கனம் உண்டு. மணல் பூச்சியை மட்டுமா கொன்றது? சரிந்தால் முகத்தைச் சுற்றிக் கொஞ்சம் காற்று நிற்கட்டும் என்றுதான் பள்ளத்தில் இறங்குகிறவன் தலையில் பிரம்புக் கூடை. அப்படியும் செத்துப்போனால், அவன் கூடையை அன்றே எரித்துவிடுவார்கள். இரண்டு வருடம் முன்பு மணலில் புதைந்துபோன அடெலினோவின் கூடையை மட்டும் அவன் மனைவி ஜுல்மிரா எரிக்க விடவில்லை.

அந்த ஜுல்மிராவைத்தான் பிறகு பெல்மிரோ கட்டிக்கொண்டான். நேற்று அவனுடைய கூடையை எலி குதறிவிட்டது. ஒரு நாள் பாடுதானே என்று ஆணியில் இருந்ததை எடுத்தான். வாசலில் நின்ற ஜுல்மிரா பார்த்தாள், வழிவிட்டு ஒதுங்கினாள்.

மேலே நின்ற மேஸ்திரி கஸ்பாருக்கு வாய் சும்மா இருக்குமா?

"அவன் வீடு, அவன் கட்டில், அவன் பொண்டாட்டி. இப்பக் கூடையுமா? அவனுக்குன்னு என்னடா மிச்சம் வெச்ச?"

பெல்மிரோ சிரித்தான். கூடைக்குள் அந்தச் சிரிப்பு சற்றுப் பிந்தி இன்னொரு முறை கேட்டது.

மதியம் கடலிலிருந்து மூடுபனி ஏறி, காற்றுத் தடுப்பு நாணல் வேலிகளின் சரசரப்பை விழுங்கி, பள்ளத்தின் வாயை வெள்ளைத் துணி போல மூடியது. உப்பும் பாசியும் நாறின. மண்வெட்டியை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தான். இழுத்து விடும் மூச்சு. தன் மூச்சை அடக்கினான். அது நிற்கவில்லை. கன்னத்தில் சூடாகப் பட்டது.

வீட்டுக்குப் போனால் போதும்.

"ஏணிய எறக்குங்க மேஸ்திரி. நான் மேல வரணும்."

ஏணியின் கால் பக்கச்சுவரில் இடித்தது. மணல் முதலில் பிடிப்பிடியாக உதிர்ந்தது. பிறகு மொத்தமாக.

இருட்டு. கையை அசைக்க முடியவில்லை. நெஞ்சின் மேல் ஊரே ஏறி உட்கார்ந்த பாரம். கூடை மட்டும் தாங்கியது. உள்ளே ஒரு பிடி காற்று. அதைக் குடிக்க இரண்டு பேர்.

அவன் இழுத்தான். அதுவும் இழுத்தது.

மேலே மண்வெட்டிச் சத்தம். ஆனால் தள்ளி, பள்ளத்தின் அந்தக் கோடியில். 'இங்கே' என்று கத்தினான். வாய்க்குள் மணல். கன்னத்தில் பட்டுக்கொண்டிருந்த மூச்சு சட்டென்று நின்றது.

"கை தெரியுது, பிடிச்சு இழுங்கடா," என்றான் கஸ்பார்.

யாரையோ இழுத்தார்கள். யாரோ இருமினான். பெல்மிரோ எப்படி இருமுவானோ அப்படி. பெல்மிரோவின் குரலிலேயே பேசினான்.

"கூடை கீழயே போச்சு. போகட்டும், மூடிருங்க."

ஓடி வரும் காலடி. ஜுல்மிரா. அவள் மெல்லத்தான் பேசினாள். கீழே இருந்தவனுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"வர்றதுக்கு இவ்வளவு நாளா, அடெலினோ?"

மேலே, இழுத்தெடுத்தவன் சிரித்தான். பெல்மிரோவின் சிரிப்பேதான்.

காலடிகள் இரண்டும் வீட்டுப் பக்கம் தேய்ந்தன. மண்வெட்டிகள் மறுபடி தொடங்கின, இப்போது பெல்மிரோவுக்கு நேர் மேலே, மணலைத் தள்ளித் தள்ளி. பிரம்பு இடுக்கு வழியாக அது உதட்டில் விழுந்தது. கூடைக்குள் ஒரே ஒரு மூச்சு, அவனுடையது. பூண்டு வாடையோடு.