கண்ணாடி வந்த தெரு

பெட்டியைப் பார்த்ததும் தெருவே வாயடைத்துப் போனது.

லாரியின் முதுகில் அது ஒரு வீட்டுக் கூரையைப் போலப் படுத்திருந்தது. உள்ளே இருப்பது ஒரு கண்ணாடி. மலை உச்சியில் நட்சத்திரம் பார்க்கக் கட்டியிருக்கும் கூடத்துக்குப் போகிறது. அதில் கீறல் விழுந்தால் அதோடு சரி. இன்னொன்று கிடையாது.

லாரியை ஓட்டியது குண்டூசியின் அம்மா. பள்ளி விடுமுறை என்பதால் குண்டூசி பக்கத்து இருக்கையில். ஆள் ஒல்லி, கேள்வி கூர்மை. பெயருக்குக் காரணம் அதுதான்.

கண்ணாடியோடு வெளிநாட்டிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்திருந்தார். தெரு முனைத் திருப்பத்தில் அவர் கையை உயர்த்தி லாரியை நிறுத்தினார். மூச்சுவிடாமல் ஆங்கிலத்தில் பேசினார்.

“யெஸ் சார்,” என்றார் முன்னால் நின்று வழிகாட்டிய மேஸ்திரி.

“யெஸ், யெஸ்,” என்றார்கள் பெட்டி ஆடாமல் கயிறு பிடித்திருந்தவர்கள்.

“யெஸ்,” என்று அம்மாவும் தலையாட்டினாள்.

இன்ஜினியர் நிம்மதியாக ஒதுங்கினார். மேஸ்திரி வலப்பக்கம் கை காட்டினார். கயிற்றுக்காரர்கள் இடப்பக்கம் நகர்ந்தார்கள். அம்மா கியரை மாற்றினாள்.

“அம்மா, அவரு என்ன சொன்னாரு?”

“யாருக்குத் தெரியும்?”

“அப்புறம் ஏன் யெஸ் சொன்னே?”

“அவ்வளவு தூரத்துலேருந்து வந்திருக்காரு. மூஞ்சிக்கு நேரா புரியலைன்னா சொல்றது? மேஸ்திரிக்குப் புரிஞ்சிருக்கும்.”

குண்டூசி எட்டிப் பார்த்தாள். மேஸ்திரியோ அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார், அவளுக்குப் புரிந்திருக்கும் என்ற நம்பிக்கையில். மேலே ஒரு மாடியின் விளிம்பு, பெட்டியின் மூலையை நெருங்கிக்கொண்டிருந்தது.

“வண்டியை நிறுத்தும்மா.”

அம்மா பிரேக்கை மிதித்தாள். குண்டூசி குதித்திறங்கி இன்ஜினியர் முன்னால் போய் நின்றாள். பள்ளியில் ஆங்கிலம் இந்த வருடம்தான் ஆரம்பம். தெரிந்த வார்த்தைகள் ஒரு கைப்பிடி.

“நோ,” என்றாள்.

மேஸ்திரி நெற்றியில் அடித்துக்கொண்டார். “யாரு வீட்டுப் புள்ள இது? மானத்தை வாங்குதே.”

“என் வீட்டுதுதான் அண்ணே. கொஞ்சம் சும்மா இருங்க,” என்றாள் அம்மா.

“நோ அண்டர்ஸ்டாண்ட். ஸ்லோ. ஸ்மால் வேர்ட்ஸ். ப்ளீஸ்,” என்றாள் குண்டூசி.

இன்ஜினியர் அவளை உற்றுப் பார்த்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு மெல்லச் சிரித்தார்.

“மை இங்கிலீஷ்... ஆல்சோ ஸ்மால்.”

அவருக்கும் அது வேற்று மொழிதான். வழியெல்லாம் மனப்பாடம் செய்ததை ஒப்பித்துக்கொண்டிருந்தார், பாவம்.

“அட, நம்ம ஆளு,” என்றார் ஒரு கயிற்றுக்காரர்.

அதன்பின் வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன.

“டிரக். பேக்.”

“அம்மா, பின்னாடி போ.”

“லெஃப்ட். லிட்டில்.”

“இடப்பக்கம். கொஞ்சூண்டு.”

லாரி எறும்பாய் ஊர்ந்தது. மாடிகளில் நின்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். பெட்டியின் மூலை விளிம்பைத் தாண்டியது. நடுவே ஒரு சீப்பு நுழையும், அவ்வளவுதான் இடைவெளி.

அகலமான சாலைக்கு வந்ததும், கீறல் உண்டா என்று பார்க்க மூடியைத் திறந்தார்கள். அம்மா லாரி மேல் ஏறி, குண்டூசியைத் தூக்கிக் காட்டினாள்.

உள்ளே வானம் கிடந்தது. மேகம் நகர்ந்தது. ஒரு பறவை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் பறந்தது. உள்ளே விழுந்துவிடுவோமோ என்று அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள் குண்டூசி.

“குட்,” என்றார் இன்ஜினியர். ஒரு கீறலும் இல்லை.

குண்டூசி கண்ணாடியைச் சுட்டிக்காட்டினாள். “வாட்... சீ?” இது எதைப் பார்க்கும் என்று கேட்கத்தான்.

அவர் வார்த்தைகளைத் தேடித் தேடி எடுத்தார். “ஸ்டார் லைட். வெரி ஓல்ட். பிஃபோர் யு. பிஃபோர் மீ. நௌ... கம்.”

“என்னடி சொல்றாரு?”

“நட்சத்திரத்தோட வெளிச்சமாம்மா. ரொம்பப் பழசாம். நாம யாரும் பொறக்கறதுக்கு முன்னாடியே கிளம்பி, இப்பத்தான் வந்து சேருதாம்.”

“எனக்கும் முன்னாடியா?” என்றார் மேஸ்திரி.

“உங்களுக்கும்தான் மாமா.”

மேஸ்திரி மெல்ல அண்ணாந்தார். கயிற்றுக்காரர்களும் அம்மாவும் அண்ணாந்தார்கள். பட்டப்பகல், ஒரு நட்சத்திரமும் தெரியவில்லை. ஆனாலும் வெகுநேரம் யாருக்கும் தலையைக் குனிய மனம் வரவில்லை.