ஒரே நடையில் முடித்த வேலை

குழந்தை பாலுக்கு அழவில்லை.

முதலில் அதை அதிர்ஷ்டம் என்றுதான் கடைக்காரன் எடுத்துக்கொண்டான். இரும்புச் சாமான் கடையில் பகலெல்லாம் ஆணியும் கொக்கியும் எடுத்துப் போட்டு, வருகிறவர்களோடு வாய் ஓயப் பேரம் பேசிவிட்டு வீடு திரும்புகிறவனுக்கு அழாத பிள்ளை வாய்ப்பது சும்மாவா? ஆனால் மனைவிக்குப் பால் கட்டிக்கொண்டது. மார்பு கல்லாகிக் காய்ச்சல் கண்டது. மடியில் போட்டு வாயருகே கொண்டுபோனால் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டான். கடைக்குள் வந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் போகிறவன் முகம் அது. வேறு கடையில் ஏற்கெனவே வாங்கிவிட்டவன் முகம். கடைக்காரனுக்கு அதை நன்றாகத் தெரியும்.

எடை மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. ஆஸ்பத்திரி நர்ஸ் பிள்ளையைத் தராசில் போட்டுப் பார்த்துவிட்டு, எல்லாம் தாய்ப்பாலின் மகிமை என்று மனைவியின் தோளைத் தட்டினாள். மனைவி சிரிக்கவில்லை. தனக்குத் தெரியாமல் டப்பாப் பால் கொடுக்கிறானா என்று வழியெல்லாம் அவனைக் குடைந்தாள். இல்லை என்று அவன் சொன்னதை, கடைக்காரன் சொல்லும் அடக்க விலையை எவ்வளவு நம்பலாமோ அவ்வளவுதான் நம்பினாள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொன்னாள்.

"யாருகிட்ட குடிக்கிறான்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. நானே போய்க் கும்பிட்டுட்டு வரேன்."

அவனுக்கு ஏனோ கூரையைப் பார்க்கத் தோன்றியது. பார்க்கவில்லை.

பிள்ளை வருவதற்கு முன் இந்த வீட்டில் வேறொரு குடித்தனம் இருந்தது. படுக்கையறை உட்கூரைப் பலகைக்கு மேலே ஒரு மரநாய். இருட்டியதும் ஓட்டு விளிம்பிலிருந்த துவாரம் வழியாக இறங்கிப் போகும், விடிவதற்குள் திரும்பும். பலகைமேல் அது நடப்பது யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு தவழ்வது போலிருக்கும். அதைத் துரத்தினால்தான் பேரனைக் கொண்டுவருவேன் என்று மாமியார் கறாராகச் சொல்லிவிட்டாள். வீடுகளில் எலி, பெருச்சாளி, மரநாய் புகாமல் ஓட்டை அடைத்துக் கொடுக்கிற வலைக்காரரைக் கூப்பிட்டான். அவர் ஏணியில் ஏறி டார்ச் அடித்துப் பார்த்து, மேலே குட்டிகள் இருக்கின்றன, அவை கால் ஊன்றி நடக்கிறவரை பொறுத்தால் தாயே கூட்டிக்கொண்டு போய்விடும், அதன்பிறகு இன்னொரு நடை வந்து அடைக்கிறேன் என்றார்.

கடைக்காரன் வாழ்க்கையில் முதன்முறையாக விலையில் கை வைக்கவில்லை. நாளில் கை வைத்தான். இரண்டு நடைக்குக் கேட்டதை ஒரே நடைக்குத் தருகிறேன், கம்பிவலையும் என் கடையிலேயே எடுத்துக்கொள்ளுங்கள், இன்றைக்கே தாய் வெளியே போனதும் அடைத்துவிட வேண்டும் என்றான்.

"குட்டிங்க கத்துமே முதலாளி."

"கத்தினா எத்தனை நாளைக்குக் கத்திடப் போகுது?"

வலைக்காரர் தலையைச் சொறிந்தார். அவருக்கும் அடுத்த தெருவில் வேலை இருந்தது. தாய் இறங்கிப் போனது. அடைத்தார்.

கத்தின. கதவு கீல் கிறீச்சிடுகிற மாதிரி மெல்லிய சத்தம், ஒன்று ஓய்ந்தால் இன்னொன்று, பலகையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை துவாரத்தைத் தேடித் தேடித் தவழ்ந்தபடி. வெளியே தாய் கம்பிவலையைப் பிறாண்டியது. அவன் ரேடியோவைக் கூட்டி வைத்துக்கொண்டு படுத்தான். சத்தம் மெலிந்து, பிறகு உள்ளே நின்றது; அதற்கப்புறம் வெளியேயும் நின்றது. மாமியார் வந்து கூரைக்குக் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, இப்போதுதான் இது மனுஷர் இருக்கிற வீடு என்று மாப்பிள்ளையை மெச்சி, பேரனைத் தொட்டிலில் போட்டுவிட்டு ஊர் திரும்பினாள்.

மனைவியின் கேள்வி அவனை விடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த மறுநாள் மாலை கடையைச் சீக்கிரம் பூட்டிக்கொண்டு வந்தான். அவள் குளியலறையில் வெந்நீர் ஊற்றி மார்பை நீவிக்கொண்டிருந்தாள்; பல்லைக் கடித்து முனகுவது கதவு தாண்டிக் கேட்டது. அவன் ஏணி போட்டு ஏறினான். துவாரத்து வலை அப்படியே இருந்தது. ஒரு திருகாணிகூட அசையவில்லை. சாக்கடை வாய், ஜன்னல் சந்து, கதவின் அடி, சமையலறைப் புகைக்குழாய் எல்லாவற்றையும் தடவிப் பார்த்தான். அடைத்த வலையெல்லாம் தன் கடைச் சரக்கு, முதல் தரம். ஒரு சுண்டெலி நுழைய வழியில்லை. வியாபாரிக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி.

உள்ளே வந்ததும்தான் அந்த வாசனை. சோறு வேகிற வாசனை. அடுப்பைத் தொட்டுப் பார்த்தான். சில்லென்று கிடந்தது.

வாசனை படுக்கையறைப் பக்கமிருந்து வந்தது. மங்கிய வெளிச்சத்தில் கூடத்தைக் கடந்தபோது, வேகிற அரிசிக்கு அடியில் ஈர மயிரும் பழைய மூத்திரமும் கலந்த நெடி தொண்டையில் ஒட்டியது. மரநாய் குடியிருந்தவரை உட்கூரைப் பலகைக்கு மேலிருந்து இறங்கிவந்த அதே நெடி. தலைக்கு மேலே நிசப்தம். கீழே ஒரு சத்தம்.

சப். சப். சப்.

நிதானமாக. திருப்தியாக.

மனைவியைக் கூப்பிட வாயெடுத்தான். குளியலறையில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அவள் அங்கேதான் இருந்தாள்.

கதவைத் தள்ளினான்.

ஜன்னல் அடைத்தே இருந்தது. பலகையில் ஒரு கீறல் இல்லை. தொட்டில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து நீண்ட வாலொன்று கீழே தொங்கியது.

கிட்டே போனான்.

அது ஒருக்களித்துப் படுத்திருந்தது. கம்பிவலையில் தேய்ந்த நகங்கள். ரத்தம் காய்ந்த பாதங்கள். தலையைத் தூக்கி அவனைப் பார்த்தது, சீறவில்லை, ஓடவில்லை. ஒரு காலால் பிள்ளையின் முதுகை இன்னும் கொஞ்சம் தன்னிடம் இழுத்துக்கொண்டது.

அதன் வயிற்றை ஒட்டிக் குட்டிகள் வரிசையாகக் கிடத்தப்பட்டிருந்தன. காய்ந்து, தோல் சுருங்கி, கண் திறக்காமலே போனவை. ஒவ்வொன்றின் வாயும் ஒரு காம்பில் வைக்கப்பட்டிருந்தது. கடைசிக் காம்பில் அவன் மகன்.

அந்த வரிசையில் ஒரு தொண்டை மட்டும் அசைந்துகொண்டிருந்தது.