கண்ணம்மாளின் கைநாட்டு

நத்தம் ரோட்டுப் புளியந்தோப்பின் பழைய பத்திரத்துக்கு டிஜிட்டல் நகல் கேட்டு பொன்னழகு வந்தபோது நல்ல பகல். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. பதிவு அலுவலக ஆவண அறைக்குள் மட்டும் எப்போதும்போல இருட்டு. பழைய காகிதமும் பூச்சி உருண்டையும் கலந்த நெடி. நான் ராபின், அங்கே ஸ்கேன் எடுக்கிறவன். எனக்குப் பேய் பயம் கிடையாது. மேலதிகாரி பயம்தான் உண்டு.

“தோப்புக்குள்ள குடிசை போட்டுக்கிட்டு ஒரு கூட்டம் கெடக்கு தம்பி. அவுக பூட்டி கண்ணம்மா எங்க பாட்டனுக்கு எழுதிக் குடுத்த பத்திரம் இது. நகல் கைக்கு வந்துட்டா அம்புட்டுப் பேரையும் கெளப்பிருவேன். தோப்ப வாங்க ஆளும் ரெடி.”

பத்திரக் கட்டைப் பிரித்தேன். பத்திரத்தின் அடியில் ஊதா மையில் ஒரு கைநாட்டு. ‘கண்ணம்மாள், இடதுகைப் பெருவிரல்’ என்று பக்கத்தில் எழுதியிருந்தது. கண்ணாடியில் கவிழ்த்து ஸ்கேன் கொடுத்தேன்.

திரையில் இரண்டு ரேகைகள்.

காகிதத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றுதான். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி எடுத்தேன். மறுபடியும் இரண்டு பெருவிரல்கள், ஒட்டினாற்போல. இரண்டுக்கும் குறுக்கே ஒரு வெள்ளைப் பட்டை. பெரிதாக்கிப் பார்த்தால் துணியின் நெசவு தெரிந்தது.

எங்கிருந்தோ பன்னீரும் வாடிய சம்பங்கியும் மணத்தன.

இழவு வீட்டுக்குப் போனவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு பெருவிரலையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டுவது பிணத்துக்குத்தான்.

“அண்ணே,” என்றேன். “இது அந்தம்மா உசுரோட இருந்தப்ப வச்ச ரேகைதானா?”

திரையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “பொணத்தோட விரல்கட்ட அவுத்து அமுக்குனாகன்னு அப்பவே பேசுனாகளாம். ஊரு வாய மூட உலைமூடி ஏது? செத்தவ வந்து கேஸா போடப்போறா. நகலக் குடு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் நகலை மறுக்க எனக்கு அதிகாரம் இல்லை. பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக ரேகைக் கருவியில் விரல் வைக்கச் சொன்னேன்.

வைத்தார். ‘ரேகை பதிவாகவில்லை’ என்றது கருவி.

வேட்டியில் துடைத்துவிட்டு வைத்தார். பதிவாகவில்லை.

அடுத்த கை. அதுவும் இல்லை.

விரலைத் திருப்பிப் பார்த்தார். ஒரு கோடுகூட இல்லாமல் வழவழவென்று இருந்தது.

“தம்பி,” என்று கிசுகிசுத்தார். “யாரோ கையப் புடிக்கிறாக.”

அவருடைய இரண்டு கைகளும் மெல்ல நெருங்கின. அவர் இழுத்தார், தோள்கள் நடுங்கின. பெருவிரல்கள் இரண்டும் சேர்ந்துகொண்டன. வாசலில் இருந்து பார்க்கிறவர்களுக்கு, அவர் என்னைக் கும்பிடுவதுபோலத் தெரிந்திருக்கும். விரல்களைச் சுற்றிச் சதை அமுங்கி ஒரு வெள்ளைத் தடம் விழுந்தது.

நானும் பிடித்து இழுத்தேன். பிரியவில்லை.

அந்த விரல்கள் சில்லிட்டிருந்தன.

நகலை எடுக்காமலே ஓடினார். அந்த வாரமே அவருடைய இழவுச் செய்தி வந்தது. போயிருந்தேன். விரல் கட்டுவதற்கு வெள்ளைத் துணி கிழித்து வைத்திருந்தார்கள். அது தேவைப்படவில்லை.

குடிசைக்காரர்கள் இன்னும் தோப்பில்தான் இருக்கிறார்கள். அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

இன்று காலை பொன்னழகின் தம்பி கருப்பணன் வந்தார்.

“அண்ணன் கேட்டிருந்த நகல எனக்குக் குடுங்க தம்பி. தோப்பு இனி எனக்குத்தான.”

பேசிக்கொண்டே பெருவிரலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“விரலுக்கு என்னண்ணே?”

“தெரியல. பஸ்ஸ விட்டு எறங்குனதுல இருந்து யாரோ துணியச் சுத்துற மாதிரியே இருக்கு.”

அறைக்குள் சம்பங்கி மணத்தது.