அலமாரியில் இடம் மாறிய புத்தகம்

மாலை 4.10. ஃப்ரீமேசன் சங்கத்தின் கண்ணாடி அலமாரியில் நடுத்தட்டிலிருந்த பழைய புனித நூலைக் காணவில்லை. ஆறு மணிக்குப் புது உறுப்பினர் அதன்மேல் கை வைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். அலமாரிச் சாவி காவலாளியிடம் இருந்தது. அவருடைய இருபத்திரண்டு வருட வேலை அன்றோடு போய்விடும் போலிருந்தது.

விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டருக்கு உள்ளுக்குள் ஒரே குறுகுறுப்பு. இந்தச் சங்கத்தைப் பற்றி அவள் மாமியார் சொல்லாத கதையில்லை. மண்டை ஓடு, ரத்தக் கையெழுத்து, உலகத்தை ஆட்டிவைக்கும் பதின்மூன்று பேர்! உள்ளே பார்த்தால் பழைய நாற்காலிகளும், கூரை ஒழுகும் இடத்தில் ஒரு பக்கெட்டும்தான். அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

"மதியம் கண்ணாடி தொடைக்கத் திறந்தேம்மா. பூட்ட மறந்துட்டேன்," என்றார் காவலாளி.

"அப்புறம் யார் வந்தா?"

"நாற்காலி ரிப்பேருக்குத் தச்சர். செயலாளரைப் பாக்கப் பல் டாக்டர். அவர்தான் இன்னிக்கு சேரப் போறவர்."

4.35. தச்சர் சுத்தியலைக் கீழே வைக்கவேயில்லை.

"புத்தகமா? அவங்களே ஒளிச்சு வச்சிருப்பாங்க. உள்ள சாத்தானைக் கும்பிடுறாங்க மேடம். ஊருக்கே தெரியும்!"

"உலகத்தை ஆளுற எங்களுக்குக் கூரையை அடைக்க ஆள் கிடைக்கல," என்றார் செயலாளர் எரிச்சலாக. "இங்க சேர, மேல ஒரு சக்தி இருக்குன்னு நம்பணும், அவ்வளவுதான் மேடம். எந்த மதம்னு சண்டையே கிடையாது. அவங்கவங்க புத்தகத்துல சத்தியம் பண்ணலாம்."

"டாக்டருக்கு?"

"அவங்கப்பா இங்க உறுப்பினரா இருந்தவர். அவர் சத்தியம் பண்ண அதே பிரதியை எடுத்து வச்சிருந்தேன். மதியம் சொன்னதும் மனுஷன் அலமாரிகிட்டயே நின்னுட்டார்."

இன்ஸ்பெக்டர் அலமாரியை மறுபடி பார்த்தாள். நூலின்மேல் இருந்த, சங்கத்தின் சின்னமான வெள்ளி மூலைமட்டமும் கவராயமும் பத்திரமாக இருந்தன. அவற்றுக்கு அடியில், பின்வரிசையிலிருந்து எடுத்த அதே நூலின் புதுப் பிரதி ஒன்று இருந்தது.

"இதை நீங்க வச்சீங்களா?"

காவலாளியும் செயலாளரும் இல்லையென்று தலையாட்டினார்கள்.

5.40. டாக்டர் கறுப்புக் கோட்டில் வந்தார். இன்ஸ்பெக்டர் அவரைப் பார்த்தே பேசினாள்.

"திருட வந்தவன் வெள்ளியை விடமாட்டான். சங்கத்தைப் பிடிக்காதவன் சடங்கு நின்னா சந்தோஷப்படுவான். இவனோ வேற பிரதியை எடுத்து வச்சிட்டுப் போயிருக்கான். சத்தியம் நடக்கணும், அந்தப் பழைய புத்தகத்துல மட்டும் நடக்கக் கூடாது. அப்படி நினைக்க ஒருத்தருக்குத்தான் காரணம் இருக்கு. டாக்டர், உங்களுக்குக் கடவுள் நம்பிக்கை உண்டா?"

டாக்டர் பையைத் திறந்து நூலை மேசையில் வைத்தார். கை நடுங்கியது.

"இல்ல மேடம். அம்மா ஆசைப்பட்டாங்கன்னு விண்ணப்பத்துல ஆமான்னு எழுதிட்டேன். வேற எந்தப் புத்தகத்துலயும் பொய் சத்தியம் பண்ணியிருப்பேன். அப்பா கை வச்சதுல முடியல."

செயலாளர் விண்ணப்பத்தை எடுத்து அவரிடமே திருப்பிக் கொடுத்தார். டாக்டர் அதை மடித்துக்கொண்டு காவலாளியின் முன்னால் போய் நின்றார்.

"உங்க வேலைக்கு ஆபத்து வரும்னு யோசிக்கவே இல்ல. மன்னிச்சிடுங்க."

காவலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பழைய நூலை அதன் இடத்தில் வைத்துப் பூட்டி, ஒருமுறைக்கு இருமுறை இழுத்துப் பார்த்தார்.

"அம்மாகிட்ட இன்னிக்கே சொல்லிடுங்க தம்பி," என்றார். "உங்கப்பாவும் பொய் சொல்லிட்டா இப்படித்தான், உண்மையைச் சொல்லி முடிக்கிற வரைக்கும் கை நடுங்கும்."