திருப்பித் தட்டும் வழக்கம்

சேரம்பாடிக்கு மேலே எங்கள் எஸ்டேட்டுக்கு அந்தக் கன்டெய்னர்கள் வந்த அன்று, வீடு வருகிறது என்று யாரும் சொல்லவில்லை. லாரி வருகிறது என்றுதான் சொன்னார்கள். பழைய பந்து மைதானத்தில் கிரேன் வைத்து வரிசையாக இறக்கினார்கள். கப்பலில் சரக்கு ஏற்றி, துறைமுக வெயிலில் காய்ந்து, கழித்துவிட்ட இரும்புப் பெட்டிகள். துருவின் மேல் பச்சைப் பெயின்ட் அடித்து, பக்கவாட்டில் கதவும் ஜன்னலும் வெட்டியிருந்தார்கள். சூடு தாங்குவதற்காக உள்ளே தெர்மாகோல் வைத்து, அதன் மேல் பிளைவுட் அடித்திருந்தார்கள். கடைசியில் இருந்த பழைய இரட்டைக் கதவை வெல்டிங் வைத்து நிரந்தரமாக மூடிவிட்டார்கள்.

"மெட்ராஸ்ல இதுக்குள்ள ஆபீஸே நடத்துறாங்கப்பா" என்றார் மேனேஜர். நடத்தட்டும், எனக்கென்ன வந்தது. ஆடி மழையில் லைன் வீடு சரிந்ததிலிருந்து யார் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிற நிலைமை எனக்கு.

என் பெயர் சசிதரன். தேயிலை ஃபேக்டரியில் வேலை. லைன் சரிந்ததில் என் மனைவி மகாலட்சுமி போய்விட்டாள். மகள் ஜீவிதா கிடைத்தாள். எப்படிக் கிடைத்தாள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

லைன் என்றால் தோட்டத்து வரிசை வீடுகள், லயம் என்றும் சொல்வோம்; இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர்தான். பக்கத்து வீட்டுக் காத்தாயி அக்கா விடியலில் எழுந்ததும் சுவரைத் தட்டும். பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் போக, நேரமாச்சு என்று அர்த்தம். இந்தப் பக்கத்திலிருந்து திருப்பித் தட்ட வேண்டும். தட்டாவிட்டால் அக்கா வாசலுக்கே வந்து ஊரைக் கூட்டிவிடும். எங்கள் வீட்டில் திருப்பித் தட்டுவது ஜீவிதாவின் வேலை. இரண்டு தட்டு, கொஞ்சம் விட்டு இன்னொரு தட்டு. டொக் டொக்... டொக். வேறு யாரும் அப்படித் தட்ட மாட்டார்கள்.

சரிந்த மண்ணுக்கு அடியில், உடைந்த கட்டிலுக்குக் கீழே கிடந்தபோதும் அதையேதான் தட்டினாள். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் தோண்டி எடுத்தோம்.

வெளியே வந்தவள் அதன் பிறகு வாயைத் திறக்கவில்லை. தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை, அதிர்ச்சிதான் என்று கோயமுத்தூர் டாக்டர் சொன்னார். வைத்த சோற்றைத் தின்பாள், படு என்றால் படுப்பாள். நானும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தேன். அழுகைகூட வரவில்லை. ஒரே ஒரு தடவை அவள் என்னை அப்பா என்று கூப்பிட்டால் போதும் என்று மட்டும் தோன்றிக்கொண்டே இருந்தது.

எங்களுக்குக் கிடைத்தது வரிசையின் ஓரப் பெட்டி. வெல்டிங் வைத்த கதவுக்குப் பின்னால் தேயிலைச் சரிவு. அங்கே மனுசர் நிற்க இடமில்லை.

குடிபோன மறுநாள் விடியலில் அந்தப் பக்கமிருந்து சத்தம் கேட்டது.

டொம். டொம். டொம்.

தூக்கக் கலக்கத்தில் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. லைனில் பிறந்து வளர்ந்த உடம்பு, தட்டினால் தட்டும். ஜீவிதா படுத்தபடியே கையை நீட்டித் திருப்பித் தட்டினாள்.

டொக் டொக்... டொக்.

எத்தனை மாதம் கழித்து அவள் ஒன்றுக்குப் பதில் சொல்கிறாள்! அதன் பிறகுதான் அந்தப் பக்கம் வீடே இல்லையே என்ற நினைப்பு வந்தது.

காத்தாயி அக்காவிடம் கேட்டேன். "நானா? எனக்கும் உனக்கும் நடுவுல ரெண்டு பொட்டி கெடக்கு. இது என்ன லயமா தம்பி, தட்டுறதுக்கு?" என்றது. வெல்டிங் வைத்த மரியஅந்தோணி கூடலூர்க்காரர். "இரும்பு சூட்டுல விரியும், குளிருல இறுகும். சத்தம் வரத்தான் செய்யும், பேசாம தூங்கு" என்றார். சரி என்று விட்டேன்.

ஆனால் இரும்பு ஒரே நேரத்துக்கு, அதுவும் மூன்று முறை மட்டுமா இறுகும்? தினமும் அது தட்டியது. தினமும் இவள் திருப்பித் தட்டினாள்.

ஒருநாள் ஃபேக்டரியிலிருந்து வந்தபோது நல்ல மூடுபனி. எதிரே நிற்கிற ஆள் தெரியவில்லை. உள்ளே ஜீவிதா அந்தக் கடைசிச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தூக்கலாம் என்று சுவரில் கை ஊன்றினேன்.

சுட்டது.

வெளியே பல் கிட்டும் குளிர். மற்ற மூன்று சுவரும் ஜில்லென்று வியர்த்துக் கிடந்தன. இந்தச் சுவர் மட்டும் சித்திரை உச்சிவெயிலில் நிற்கிற மாதிரி கொதித்தது. பழைய சாக்கும் வியர்வையும் கலந்த ஒரு வாடை. அன்று அவள் படுக்கையை இந்தப் பக்கம் மாற்றிப் போட்டேன். காலையில் பார்த்தால் மறுபடி அங்கேதான் கிடந்தாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் பிடித்துவிட்டு வாசலுக்கு வந்தேன். உள்ளே பேச்சுக் குரல். என் மகளின் குரல்.

குடத்தைக்கூட இறக்கி வைக்காமல் நின்றேன். எவ்வளவு மெல்லிய குரல்! சுவரில் கன்னத்தை வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அங்க ரொம்பச் சூடா?"

கன்னத்தை எடுத்துவிட்டுக் காதை ஒட்டி வைத்தாள்.

"எடம் இருக்கு. வா."

மரியஅந்தோணியைக் கையோடு கூட்டி வந்தேன். முனகிக்கொண்டே பிளைவுட்டைக் கழற்றினார். பின்னால் இருந்த தெர்மாகோல் உருகிக் குழிந்திருந்தது. தலை, தோள், மடக்கிக் கட்டிய முழங்கால். ஒரு ஆள் குந்தி உட்கார்ந்த அளவு. அதற்கும் பின்னால் பழைய இரும்புக் கதவு, உள்ளிருந்து அடித்து அடித்து வெளிப்பக்கமாகப் புடைத்திருந்தது. அந்தக் கதவைத் திறக்கும் கம்பிகள் வெளியில்தான் இருக்கும். துறைமுக வெயிலில் உள்ளே மாட்டிக்கொண்டவர் தட்டத்தான் முடியும்.

"இத எங்கிட்டக் குடுக்கும்போதே எதையோ மறைக்கிற மாதிரி உள்ள பெயின்ட் அடிச்சிருந்துச்சு சசி" என்று கிசுகிசுத்த மரியஅந்தோணி, சிலுவை போட்டுக்கொண்டார். "புள்ளையக் கூட்டிட்டு வெளிய போ."

அந்தக் குழி காலியாக இருந்தது. தொட்டுப் பார்த்தேன். சுவர் ஜில்லென்று இருந்தது.

பெட்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நாங்கள் காத்தாயி அக்கா வீட்டில் ஒண்டிக்கொண்டோம். மறுநாள் விடியலில் யாரும் தட்டவில்லை. அப்பாடா என்று புரண்டு படுத்தேன்.

"அப்பா."

ஜீவிதா எழுந்து உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, தண்ணி குடுப்பா."

அதுவரை வராத அழுகை எல்லாம் அப்போது வந்தது. சொம்பு நிறையக் கொடுத்தேன். மடமடவென்று குடித்தாள். இன்னொன்று கேட்டாள். அதையும் குடித்தாள். சொம்பை வாங்கும்போது அவள் விரல் பட்டது. வெயிலில் கிடந்த தகரம் போலச் சுட்டது. காய்ச்சலோ என்று பயந்து அவளை இழுத்து மார்போடு அணைத்தேன். என் கை அவள் முதுகில் இருந்தது.

உள்ளே ஏதோ தட்டியது.

நெஞ்சுத் துடிப்பு என்று நினைத்தேன். முதுகில் காதை வைத்தேன்.

டொக் டொக்... டொக்.

மண்ணுக்கு அடியிலிருந்து கேட்ட அதே தட்டு. என் மகள் உள்ளே இருந்தாள். அப்படியானால் என் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்தது யார்? அன்றைக்காவது தோண்டுவதற்கு மண் இருந்தது. இப்போது நான் எதைத் தோண்டுவேன்?

விரலை மடக்கி, மெதுவாகத் திருப்பித் தட்டினேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ஜீவிதா இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். வாய் ஓயாமல் பேசுகிறாள். காத்தாயி அக்கா மாரியம்மனுக்குப் பொங்கலே வைத்துவிட்டது. மார்கழிப் பனியிலும் பிள்ளை போர்வை கேட்பதில்லை, தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டே இருக்கிறாள். எல்லாருக்கும் சந்தோஷம். நானும் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கிறேன்.

தினமும் விடியலில் அவள் தூங்கும்போது முதுகில் தட்டுவேன். காதை வைத்துக் காத்திருப்பேன். பதில் வரும். கொஞ்ச நாளாகத் தாமதமாக வருகிறது.

இன்று தட்டினேன்.

டொக் டொக்...

மூன்றாவது தட்டுக்காகக் காதை எடுக்காமல் கிடந்தேன். வெளியே காத்தாயி அக்கா விறகு ஒடிக்கிற சத்தம் கேட்டது. ஃபேக்டரிச் சங்கு ஊதி ஓய்ந்தது.

கண்ணைத் திறக்காமலே அவள் சொன்னாள்.

"விடுப்பா. அவ தூங்கட்டும்."

பெரட்டுக்கு நேரமாகிவிட்டது. நான் இன்னும் கையை எடுக்கவில்லை.